கோணேஸ்வரியின் பாரக்கை

திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லி ஊர்க் கரையில் கருவாடு போடுகிற பெண்கள் பதினொரு பேர். அவர்களில் கோணேஸ்வரியின் கருவாட்டுக்குத்தான் டவுன் சந்தையில் கேட்டு வாங்குவோர் கூட. அவள் உப்பை அளந்து போடமாட்டாள். மீனின் முதுகைக் கீறி விரித்து, சதையின் தடிப்பைப் பார்த்து, கையால் அள்ளித் தூவுவாள். கட்டாவுக்கு ஒரு கை, பாரைக்கு ஒன்றரைக் கை. வெயிலில் காயவிட்டு எடுத்தால் உப்புக் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. அந்தக் கையைத்தான் சுவிசில் இருக்கிற தம்பி சிவரூபன் ஒருநாள் இரவல் கேட்டான்.

"அக்கா, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போனிலை கையை அமத்தினாக் காணும்."

'ஊர்ச்சந்தி' என்று ஒரு அப். ஆட்கள் அதில் எழுதுவார்கள், படம் போடுவார்கள். பிடித்தவர்கள் கீழேயிருக்கிற கைப்படத்தை அமத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை திருகோணமலைப் பக்கத்துக்கென்று ஒரு பானை திறக்கும். விழுந்த கைகளின்படி பானையிலுள்ள காசு எழுதினவர்களுக்குப் பிரிபடும்.

"வோட்டுப் போடுற மாதிரியோ?" என்று கேட்டாள் கோணேஸ்வரி. அவளுடைய மறு கையில் கத்தி, முன்னால் ஒரு கூடை கீரி மீன்.

"ஓமக்கா, அதுதான்."

"வோட்டெண்டா ஆளுக்கொண்டுதானே?"

"இதிலை அப்பிடியில்லை. காசு குடுத்து, முத்து எண்டு இதின்ரை காசை வாங்கிப் பூட்டி வைச்சிருக்கிற ஆளின்ரை கைக்குப் பாரம் கூட. நான் ஆறு வரிசமாச் சேத்தது முழுக்க அதுக்குள்ளைதான் கிடக்கு. கையைப் பாவிச்சால் எனக்கும் பானையிலை ஒரு பங்கு வரும், பாவிக்காமல் விட்டால் பாரம் குறைஞ்சு போகும். எனக்கு ரெண்டு வேலை, நேரமில்லை."

"உனக்கு எவ்வளவு பாரம்?"

"அங்கை புல்மோட்டையிலையிருந்து கிண்ணியா வரைக்கும் உள்ள மற்ற எல்லாற்றை கையையும் சேத்துத் தூக்கினாலும் என்ரை ஒரு கைக்குக் காணாது."

கோணேஸ்வரி ஒரு மீனைக் கீறி முடிக்கும் வரை யோசித்தாள்.

"அப்ப மற்ற ஆக்கள் என்னத்துக்கு வோட்டுப் போடுகினம்?"



"அக்கா, எனக்கு வேலைக்கு நேரமாச்சு," என்றான் சிவரூபன்.

முதற் கிழமை அவள் தன்பாட்டுக்கு அமத்தினாள். மீனைப் பாயில் விரித்துவிட்டுக் காகத்துக்குக் காவல் இருக்கிற நேரம் அதற்குத் தோதாயிருந்தது. ஒருநாள் பசி நேரத்தில் யாரோ போட்ட கத்தரிக்காய்ப் பால்கறிப் படம் கண்ணில் பட்டது. அமத்தினாள். இன்னொரு நாள் போட்டின் முன்மூக்கில், அணியத்தில், ஒரு பூனை கப்டன் மாதிரிக் குந்தியிருந்த படம். சிரிப்பு வந்தது, அமத்தினாள். அந்தப் படம் ஓட்டோ ஓடுகிற கிருஷாந்தனுடையது. ஞாயிற்றுக்கிழமை பானை திறந்தபோது, அந்தப் பூனையால் அவனுக்கு ஓட்டோவின் இரண்டு பின்ரயரும் புதிதாய் வந்தன.

திங்கட்கிழமை காலையில் கரைக்கு வந்த கோணேஸ்வரி ஏதோ வித்தியாசமாய் இருக்கிறதே என்று பார்த்தாள். கரையிலிருந்த ஒவ்வொரு போட்டின் அணியத்திலும் ஒரு பூனை இருந்தது. சில பூனைகளைக் கட்டியும் வைத்திருந்தார்கள். பூனை இல்லாத வீட்டுக்காரர் நிலாவெளியிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தார்கள். ஒரு போட்டில் பூனைக்குத் தொப்பியும் போட்டிருந்தது. ஈ விரட்ட ஆளில்லாமல் நெத்தலி பாயில் கிடந்தது. பெண்கள் எல்லோரும் போனும் கையுமாய்ப் பூனையைப் பார்த்து, "இஞ்ச பார், இஞ்ச பார்" என்றுகொண்டு நின்றார்கள். பூனைகள் நெத்தலியைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"இதென்ன கூத்து?" என்றான் கடலால் வந்த அவளுடைய புருசன் யோகராசா.

"என்ரை கைதான்," என்றாள் கோணேஸ்வரி, கொஞ்சம் வெட்கத்தோடு. பாரக்கை என்று ஊர் அதற்குப் பெயரும் வைத்துவிட்டது.

தம்பலகாமத்தில் கனகரத்தினம் என்று ஒருவர். நீர்ப்பாசன இலாகாவில் கிளாக்கராயிருந்து இளைப்பாறினவர். ஊர்ச்சந்தியில் அவர் இரண்டு வருடமாய் ஒரே விசயத்தைத்தான் எழுதிவந்தார். 'இன்று மாலை ஐந்து மணி. குளக்கட்டில் மூன்று யானை. கண்டி ரோட்டால் மோட்டார் சைக்கிளில் வருவோர் கவனம்.' அவ்வளவுதான். வயல்காரர் பத்துப் பன்னிரண்டு பேர் கை போடுவார்கள். அது அவருக்கு ஒரு பிளேன்டீக்கும் காணாது. ஆனாலும் எழுதினார். யானை என்றால் கோணேஸ்வரிக்குப் பயம், அவள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. பூனைக்கு ரயர் விழுந்த கதை தம்பலகாமம் வரை போனது. அடுத்த கிழமை கனகரத்தினம் இரண்டு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்: 'குளக்கட்டில் யானைக்கும் பூனைக்கும் மலர்ந்த நட்பு.' யானை எந்தப் பக்கத்தால் ரோட்டுக்கு ஏறுகிறது என்பதை அதில் எழுத மறந்துபோனார்.

வீட்டுக்குள்ளேதான் பெரிய கரைச்சல். யோகராசாவின் தமக்கை புஸ்பராணி பக்கத்து வளவு, நடுவில் வேலிதான். அவள் தினமும் ஒரு சீலையோடு படம் போட்டு, 'இனிய காலை வணக்கம்' என்று எழுதுவாள். கோணேஸ்வரி ஒருநாளும் கை போடவில்லை. ஒருநாள் புஸ்பராணி வேலிக்கு மேலால் ஒரு முழுப் பூசணிக்காயை நீட்டினாள்.

"என்ன மச்சாள், விசேசம்?"

"விசேசமென்ன விசேசம். சொந்தத்துக்கை குடுக்கக் கூடாதோ? ஊரான் வீட்டுப் பூனைக்கெல்லாம் உன்ரை கை போகுது. சொந்த மச்சாளின்ரை முகம் பூனையை விடக் கேவலமோ?"

"அப்பிடியில்லை மச்சாள். ஒவ்வொரு நாளும் ஒரே வணக்கம். அதுக்கு என்னெண்டு..."

"தம்பீ!" என்று புஸ்பராணி வேலிக்கு இந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள். "உன்ரை மனுசி என்னைப் பூனையிலும் கேவலம் எண்டுறாள்."

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த யோகராசா நிமிரவில்லை. "எந்தப் பூனையிலும்?" என்று மட்டும் கேட்டான்.

பூசணிக்காய் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போனது. அன்றிலிருந்து இரண்டு வளவுக்கும் கதை பேச்சு இல்லை.

ஆவணி மாதம். கச்சான் காற்று நெருப்பை வாரி இறைத்ததுபோல் தரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கருவாட்டுக்கு அது நல்ல காற்று. காலையில் போட்டதை மாலையில் அள்ளலாம். கடலுக்குப் போனவனுக்குத்தான் கூடாத காற்று. இஞ்சின் நின்றால் போட்டை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும்.

அந்தப் புதன்கிழமை விடியற்புறம் தனியாய்ப் போன யோகராசா ஒன்பது மணிக்கும் வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. கோணேஸ்வரி அவனுக்குப் போன் எடுத்தாள், அணைந்து கிடக்கிறது, ஓவ் என்றது. கரையில் நின்றவர்களைக் கேட்டாள். ஒருவரும் காணவில்லை. ஓட்டோவோடு நின்ற கிருஷாந்தனையும் கேட்டாள்.

"இல்லையே அக்கா. காணேல்லையே," என்றவன், ஓட்டோவுக்குள் ஏறியிருந்து போனை எடுத்தான்.

பதினொரு மணிக்கு அவளுடைய போன் கிணுங்கியது. பார்த்தாள். யோகராசாவின் படம். போன வருடம் கோயில் தேர் அன்று எடுத்தது, திருநீறும் சந்தனமுமாய். மேலே கொட்டை எழுத்தில்: 'கடல் கொண்டதோ எங்கள் யோகராசா அண்ணனை?'

கோணேஸ்வரி மணலில் இருந்துவிட்டாள். பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். அவள் அழவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருசனின் முகத்துக்குக் கீழே கைப்படம் இருந்தது. அவள் அமத்தினாள். என்னத்துக்கு அமத்தினாள் என்று பிறகு கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அவருடைய முகத்தைத் தடவிவிடுகிற மாதிரி இருந்தது என்றாள்.

பாரக்கை விழுந்துவிட்டது. அதை ஊர்ச்சந்தி முழுக்கப் பார்த்தது.

பதினைந்து நிமிடத்துக்குள் இன்னும் ஆறு பேர் எழுதிவிட்டார்கள். 'அள்ளிக் கொடுத்த கை எங்கே?' 'சிரித்த முகம் இனிக் காண்போமோ?' யோகராசாவோடு வலைத் தகராறில் மூன்று வருடம் முகம் பார்க்காதவன் 'என் உயிர் நண்பனே' என்று தொடங்கியிருந்தான். ஒவ்வொன்றிலும் யோகராசாவின் படம். கோணேஸ்வரி ஒவ்வொன்றாய்த் தடவினாள். ஒவ்வொரு தடவலிலும் ஒரு கை விழுந்தது. தம்பலகாமத்திலிருந்து கனகரத்தினம் வெண்பா மாதிரி ஒன்று எழுதினார். அவர் யோகராசாவைக் கண்டதே இல்லை. எல்லாவற்றிலும் நீளமானது புஸ்பராணியினுடையது. கறுப்புக்கரைச் சீலையோடு படம் போட்டு, 'என் கூடப்பிறந்த குலவிளக்கே' என்று எழுதியிருந்தாள். அதை எழுதிப் போட்டுவிட்டுத்தான் வேலியைப் பிரித்துக்கொண்டு அழுது கத்திக் கரைக்கு ஓடிவந்தாள். அழுகை பொய்யில்லை. வந்தவள் கோணேஸ்வரியைக் கட்டிப்பிடித்துக் குளறினாள். குளறிவிட்டு, காதுக்குள் மெல்ல, "என்ரையைப் பாத்தனியே?" என்று கேட்டாள்.

மூன்று போட் தேடப் போனது. மிச்ச ஊர் முழுக்கக் கரையில் நின்று கடலைப் பார்த்தது. வெயில் சாயத் தொடங்கியது. ஒருவரும் சாப்பிடவில்லை. யாரோ தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார்கள். அதற்கும் ஒருத்தி படம் எடுத்தாள்.

நாலு மணிபோல, சனத்துக்குப் பின்னால் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்ன, ஆரையும் கடல் இழுத்துப்போட்டுதோ?"

எல்லோரும் திரும்பினார்கள். யோகராசா நின்றான். கையில் பேக்கரியில் வாங்கின ஒரு றாத்தல் பாண், தோளில் நனைந்து காய்ந்த சேட்டு. அவனும் எட்டி எட்டிக் கடலைப் பார்த்தான்.

புஸ்பராணிதான் முதலில் சத்தம் போட்டாள். கோணேஸ்வரி எழும்பினாள், நடந்து போனாள், அவனுடைய நெஞ்சில் இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினாள். பிறகுதான் அழுதாள்.

"எங்கை போனீங்கள்? எங்கை போய்க் கிடந்தனீங்கள்?"

"இஞ்சினுக்கை தண்ணி போயிட்டுது. காத்துத் தள்ளிக்கொண்டு போக, புல்மோட்டைப் பெடியள் கண்டு இழுத்துக்கொண்டு போய்க் கரையிலை விட்டாங்கள். போட் அங்கை கிடக்கு. நான் பஸ்ஸிலை வந்தனான்."

"ஒரு கோல் எடுக்கத் தெரியாதே?"

"போன் கடலுக்கை விழுந்திட்டுது. அங்கை ஒரு பெடியன்ரை போனாலை எடுத்தனான். மூண்டு தரம் எடுத்தனான்."

"எந்த நம்பருக்கு?"

யோகராசா கொஞ்சம் தலையைச் சொறிந்தான். "எனக்குப் பாடமாத் தெரிஞ்சது என்ரை நம்பர்தானே. அதுக்கு எடுத்தனான். ஓவ் எண்டு சொல்லுது."

கரை முழுவதும் சிரித்தது. அழுத முகத்தோடு சிரித்தது. சிரித்து முடிய, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒன்று ஞாபகம் வந்ததுபோல் தங்கள் தங்கள் போனைப் பார்த்தார்கள். கிருஷாந்தன் ஓட்டோவை ஸ்ராட் பண்ணப் பார்த்தான்.

"நில்லும்!" என்றாள் கோணேஸ்வரி. "என்னெண்டு அப்பிடி எழுதினனீர்? கண்டனீரே?"

"அக்கா, வடிவாப் பாருங்கோ," என்றான் அவன். "நான் கேள்விக்குறி போட்டனான்."

வீட்டில் பாணும் கட்டாக் குழம்பும் முன்னால் வைத்து, யோகராசா மனைவியின் போனில் தனக்கு வந்த இரங்கலை ஒவ்வொன்றாய் வாசித்தான். நாற்பத்திமூன்று. சத்தமாய் வாசித்தான். நல்லதொரு வசனம் வந்தால் நிறுத்தி, மறுபடி வாசித்தான்.

"'ஏழைக்கு இரங்கிய நெஞ்சன்.' இஞ்சேர், நான் ஆருக்கு இரங்கினனான்?"

"சாப்பிடுங்கோ."

"அக்கா எழுதினதைப் பாத்தனியே? 'குலவிளக்கு' எண்டுறாள். போன மாதம் என்னைத் தறுதலை எண்டவள். ஒருக்கால் காணாமப் போகத்தான் மனிசனுக்கு மரியாதை."

விரலால் கீழே, இன்னும் கீழே தள்ளிக்கொண்டு போனவன், நின்றான். சிரிப்பு நின்றது.

"கோணேஸ்... இதென்ன?"

நாற்பத்திமூன்று இரங்கலுக்கும் கீழே, ஒருவரும் போகாத இடத்தில், படமில்லாமல் நாலு வரி கிடந்தது. எழுதினது குறிஞ்சாக்கேணியில் லைலா என்றொரு பெண்.

'சல்லி போட் ஒண்டு புல்மோட்டைல கட்டியிருக்கு. நீல நிறம், மஞ்சக் கோடு. ஐஸ் லொறி ஓடுற எங்கட மூத்த காக்கா முனீப் கண்டவர். ஆள் நல்ல சுகம், பாண் திண்டுகிட்டு இருக்காராம். ஊட்டாக்களுக்குச் சொல்லுங்க.'

கோணேஸ்வரி அது எழுதின நேரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது. கைகள் மூன்று. மூன்றும் பாரமில்லாத கைகள்.

கூடக் கை விழுந்தது மேலே நிற்கும், குறைந்தது கீழே போகும். அதுதான் ஊர்ச்சந்தியின் முறை. புருசன் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி அவளுடைய மடியிலேயே கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலம் கிடந்திருக்கிறது. அதன்மேல் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டது அவளுடைய கை. கோணேஸ்வரி வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். உப்பு வெடிப்பு வெடித்த வழமையான கைதான்.

உடனே லைலாவுக்குக் கை போடப் பார்த்தாள். அமத்த அமத்தப் பாரம் மெலிந்து போகும், ஆறினால்தான் திரும்ப ஏறும் என்று தம்பி சொல்லியிருந்தான். நாற்பத்திமூன்று தரம் அமத்தின கையில் ஒன்றும் மிச்சமில்லை. போன் 'கை களைத்துவிட்டது' என்று எழுதிக் காட்டியது.

மறுநாள் காலை கிருஷாந்தனிடம் போய், எழுதினதை அழிக்கச் சொன்னாள்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்கட்டுமே அக்கா. பானை திறந்த உடனை அழிக்கிறன். சத்தியமா."

"அதுவரைக்கும் என்ரை மனுசன் செத்த மாதிரி இருக்கிறதோ?"

"அண்ணைக்கு ஒண்டும் ஆகாது அக்கா. நேற்றே வந்திட்டார்தானே."

நாற்பத்திமூன்று பேரில் ஒருவரும் அழிக்கவில்லை. அன்று மத்தியானம் கனகரத்தினம் வெள்ளைச் சேட்டும் மாலையுமாய்த் தம்பலகாமத்திலிருந்து பஸ் ஏறி வந்து வேலிப் படலையில் நின்றார். கதிரையில் இருந்து வலை பொத்தினவனிடம், "இது யோகராசாவின்ரை வீடோ? எப்ப எடுக்கிறியள்?" என்று கேட்டார்.

"நான் சாப்பிட்டிட்டு எடுக்கலாம்," என்றான் யோகராசா.

மாலையை வீணாக்காமல் அவனுக்கே போட்டு, இரண்டு பேரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். போகும்போது கோணேஸ்வரி அவரைப் படலைவரை கொண்டுபோய் விட்டாள்.

"ஐயா, இப்ப யானை எந்தப் பக்கத்தாலை வருது?"

அவருக்கு முகம் மாறியது. "அதைக் கேக்க ஆருமில்லை எண்டு விட்டிட்டன், பிள்ளை," என்றார்.

அன்று மாலை கோணேஸ்வரி தான் போட்ட கைகளை ஒவ்வொன்றாய்த் திருப்பி எடுத்தாள். திரும்ப அமத்தினால் கை கழன்றுவிடும். நாற்பத்திமூன்றையும் கழற்றி முடிக்க, வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் தொடங்கியது.

"எடியே, என்ரை கையை எடுத்திட்டியே!"

"அவர்தானே வந்திட்டார் மச்சாள்!"

"அவன் உயிரோடை வந்ததுக்கு நான் நட்டப்படுறதே?" என்று கேட்டுவிட்ட புஸ்பராணி, தான் என்ன சொன்னாள் என்பது தன் காதிலேயே விழ, வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தால் வேலிக்கு மேலால் ஒரு சட்டி வந்தது. பூசணிக்காய்க் கறி. "தம்பிக்குப் பிடிக்கும்," என்றாள், முகத்தைக் காட்டாமல்.

சிவரூபனுக்குக் கோணேஸ்வரியே எடுத்தாள்.

"தம்பி, உன்ரை கையை நீயே வைச்சிரு. எனக்கு வேண்டாம்."

"ஏனக்கா? போன மாதம் உங்களாலை எனக்கு நல்ல லாபமெல்லே!"

"லாபமோ? அத்தானைச் சாக்காட்டிப்போட்டன், தெரியுமே? நான் நல்ல மனுசி எண்டுதான் நினைச்சு அமத்தினனான். நான் எதைப் பாத்தாலும் அது பழுதாப்போகுது. சனம் என்ரை மூஞ்சையைப் பாத்து எழுதுது."

"சரி சரி. ஞாயிற்றுக்கிழமை மாத்திறன். அது மட்டும் வைச்சிருங்கோ."

சனிக்கிழமைக்குள் கையின் பாரம் முழுக்க ஏறிவிட்டது. அதோடு ஒரு கடமை மிச்சமிருந்தது. கோணேஸ்வரி நல்ல கட்டாக் கருவாடாய்ப் பார்த்து ஒரு பை கட்டினாள். டவுனுக்குப் போய், கிண்ணியா பஸ் எடுத்து, பாலம் கடந்து, விசாரித்து விசாரித்துக் குறிஞ்சாக்கேணிக்குப் போய்ச் சேர்ந்தாள். களப்புத் தண்ணியோரத்து வீடு. முற்றத்தில் ஒரு பெண் குந்தியிருந்து மட்டிச் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள்; உடைத்த ஓடு ஒரு பக்கம் குவியலாய்க் கிடந்தது.

"லைலா எண்டது நீங்களோ?"

"ஓம். வாங்க அக்கா. ஆரு நீங்க?"

"நான் சல்லி. பாண் திண்டவரின்ரை மனுசி."

லைலா வாய்விட்டுச் சிரித்தாள். கை கழுவிவிட்டுக் கதிரை கொண்டுவந்து போட்டாள். கருவாட்டுப் பையை வாங்கி மணந்து பார்த்து, "நல்ல உப்பு," என்றாள். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிவந்தாள். கோணேஸ்வரி போனை எடுத்து அந்த நாலு வரியைத் தேடிப் பிடித்தாள்.

"பிள்ளை, அண்டைக்கு என்ரை கண்ணிலை படேல்லை. பிழை என்ரைதான். நாளைக்குப் பானை திறக்கும். இண்டைக்கு இதுக்கு ஒரு கை போடுறன், முழுப் பாரத்தோடை. உங்களுக்கொரு நல்ல தொகை வரும்."

லைலா அவசரமாய்ப் போனின்மேல் தன் ஈரக் கையை வைத்தாள்.

"வாணாம் அக்கா."

"ஏன் பிள்ளை?"

"நீங்க இதுக்குக் கை போட்டா, நாளைக்கு எங்கட ஊர்ல எல்லாரும் போட் கண்ட கதைதான் எழுதுவாங்க. காணாமலே எழுதுவாங்க. பொறகு மெய்யா ஒரு போட் கண்டு நான் எழுதினா ஆரு நம்புற?"

கோணேஸ்வரி போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். தேத்தண்ணியில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தது, சூடாயிருந்தது. லைலா திரும்பவும் மட்டிக்கு முன்னால் குந்தினாள். கத்தி முனையால் ஒன்றை நெம்பித் திறந்தபடி கேட்டாள்:

"அண்ணன்ட இஞ்சின் செரியாகிட்டா?"

கோணேஸ்வரி கோப்பையிலிருந்து வாயை எடுத்தாள். நாற்பத்திமூன்று பேர் எழுதினார்கள். ஊர் முழுக்கக் கரையில் நின்றது. தம்பி சுவிசிலிருந்து மூன்று தரம் கதைத்தான். இதை ஒருவரும் கேட்கவில்லை.

"எங்கை பிள்ளை!" என்றாள். கதிரையை விட்டு இறங்கி, சீலையைச் செருகிக்கொண்டு, லைலாவுக்கு எதிரே குந்தினாள். குவியலிலிருந்து ஒரு மட்டியை எடுத்தாள். "போட் இன்னும் புல்மோட்டையிலைதான் கிடக்கு. மெக்கானிக் வந்து பாத்திட்டு ஒரு கதை சொல்லுறான், இவர் ஒரு கதை சொல்லுறார். முதல்லை என்ன நடந்ததெண்டால்..."

இரண்டு பஸ் போனது. அவள் எழும்பவில்லை.